‘எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணு?’: பதினாறு வயது மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் ஒரு பிள்ளையைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பெயரைக் கேட்கும் முன்னே ஊரைக் கேட்டுவிடுவார்கள். படுகர் சமூகத்துப் பெரியவர் என்றால் எந்த ஹட்டி, அதாவது எந்தப் படுகர் ஊர், என்பார். தோட்டத்து ஆள் என்றால் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்பார். கூடலூர், பந்தலூர் பக்கமோ ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், வயநாட்டுக் குடும்பமா, சிலோனிலிருந்து வந்த குடும்பமா என்று கேட்டவர் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்திருப்பார். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பேச்சு அங்கேதான் தொடங்கும், அவ்வளவுதான்.

இந்த ஆய்வில் வரும் மாணவி அந்தக் கேள்விக்கு நான்கு மாதம் பொய்யான பதில் சொன்னாள். அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். அடையாளத்தைப் பற்றிய கட்டுரையில் அடையாளத்தை மறைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான். “உனக்கு ஒரு புனைபெயர் வைக்கணும், நீயே சொல்லு” என்று கேட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, “வேணாம் மிஸ். ‘ஒரு பொண்ணு’ன்னே போடுங்க. பேரு வெச்சா அது வேற ஆளாயிடும்” என்றாள். வேறு ஆளாக இருந்து பார்த்தவள் சொன்னது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

வந்த விதம்

2023 அக்டோபர். குன்னூரில் ஹாஸ்டலோடு இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன் வகுப்பாசிரியை ஒரு தாளைக் கையில் கொடுத்தார். ‘பொய் பேசும் பழக்கம் உள்ள மாணவி. 6 நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. வயிற்றுவலி என்கிறாள். டாக்டர் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்கிறார்.’ நாலே வரிதான்.

நடந்ததை மூன்று பேர் சொன்னதிலிருந்து சேர்த்து எழுதுகிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வைத்திருந்தார்கள். அம்மா பந்தலூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டத்தில், அதாவது டான்டீயில், கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். அதனால் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கிளம்பினார். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர் அவர். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு லைனை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டு இறங்க முடியாது, பாதையில் யானை நிற்கும். முதல் நாளே கூடலூர் வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறிக் குன்னூர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் தூக்கு. தூக்கில் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும்.

வராந்தாவில் பேத்தி நாலு பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். பாட்டி பக்கத்தில் வந்ததும் நெருங்கிய தோழி, “யாருடீ இது?” என்று கேட்டாள். இவள் சொன்னாள்: “எங்க வீட்ல வேலை செய்றவங்க.”

அம்மாயி காதில் அது விழுந்துவிட்டது. முகம் மாறவில்லையாம். “ஆமா கண்ணு, பாப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று தூக்கை நீட்டியிருக்கிறார்.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கூட்டத்துக்கு வந்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உறவுமுறை என்ற கட்டத்தை நிரப்பிய ஆசிரியை, “பாட்டிதானே நீங்க?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். தோழி பின்னால் வரிசையில் நின்றாள்.

அதுவரை வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த கதை வேறு. இவளுக்குச் சொந்த ஊர் குன்னூர், அப்பா டீ ஃபேக்டரியில் ஆபீசர், இப்போது கூடலூருக்கு மாற்றலாகிப் போனதால்தான் ஹாஸ்டல் வாசம். அந்தக் கதையை அவள் நன்றாகவே கட்டியிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வீடு, எந்த பேக்கரியில் வர்க்கி வாங்குவார்கள், எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

முதலில் பார்த்தவை

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்பதை இப்படிப்பட்ட பிள்ளையிடம் முதல் சந்திப்பிலேயே சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும். கேட்டேன். இல்லை என்றாள். தூக்கம் கெட்டிருந்தது, சாப்பாடு பாதியாகியிருந்தது. வீட்டுக்குப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். வயிற்றுவலி காலை எட்டு மணிக்கு வந்து பத்தரைக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. ஆனால் நடிப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது. வலி நிஜமாகவே இருந்தது.

அடுத்து ‘பொய் பேசும் பழக்கம்’. அவள் சொன்ன பொய்களை எல்லாம் அவளையே சொல்ல வைத்து ஒரு தாளில் எழுதினேன். மார்க்கில் பொய் இல்லை, பணத்தில் இல்லை, ஹாஸ்டல் விதியை மீறி அதை மறைத்த பொய்யும் இல்லை. எல்லாப் பொய்யும் ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்தான். எந்த ஊர், யார் வீட்டுப் பெண். பழக்கமாகப் பொய் பேசுகிறவர்களின் பட்டியல் இப்படி இருக்காது. ஆசிரியை கொடுத்த தாளில் முதல் வரியை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

இரண்டாவது சந்திப்பில் ஒரு பழைய சோதனையைக் கொடுத்தேன். ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு 20 வரி எழுத வேண்டும். கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954-இல் கொண்டுவந்தது. காகிதமும் பேனாவும் இருந்தால் போதும் என்பதால் எனக்குப் பிடித்த சோதனை. சாதாரணமாக இந்த வயதுப் பிள்ளைகள் ‘நான் மாணவி’, ‘நான் உயரமானவள்’, ‘நான் விஜய் ரசிகை’ என்று தொடங்கிப் பத்து வரிக்குமேல் பேனாவைக் கடிக்க ஆரம்பிப்பார்கள். இவள் தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் 17 வரி எழுதினாள். 11 வரி ‘இல்லை’ என்று முடிந்தது.

‘நான் தோட்டத்துப் பொண்ணு இல்லை. நான் சிலோன்காரி இல்லை. நான் படுகர் இல்லை. நான் மலையாளி இல்லை. நான் குன்னூர்க்காரி இல்லை. நான் எங்க அம்மா மாதிரி இல்லை. நான் நல்லவ இல்லை.’ இப்படிப் போனது.

அந்தத் தாளை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். சுற்றிலும் வேலி போட்டிருக்கிறாள், நடுவில் வீட்டைக் காணோம்.

எனக்கு அப்போது பட்டது

வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 முதல் 19 வயது வரை. அதன் முக்கிய வேலையே ‘நான் யார்’ என்பதை ஒரு வழிக்குக் கொண்டுவருவதுதான் என்றவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அந்த வேலைக்குச் சமூகம் கொஞ்சம் அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னார். பொறுப்புகளை முழுதாகத் தலையில் ஏற்றாமல், இதுவா அதுவா என்று போட்டுப் பார்க்க ஒரு காலம். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் இதை இன்னும் பிரித்தார். சிலர் தேடிப் பார்த்து ஒன்றைப் பிடித்து நிற்கிறார்கள். சிலர் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் தேடுவதும் இல்லை, எதையும் பிடிப்பதும் இல்லை. நான்காவது வகையினர் தேடாமலே வீட்டார் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். நம் ஊரில் ‘தங்கமான பிள்ளை’ என்று பேர் வாங்குவது பெரும்பாலும் இந்த நான்காவது வகைதான்.

மார்சியா ஆராய்ந்தது அமெரிக்கக் கல்லூரி ஆண்களை. அவர்களுக்குத் தேடிப் பார்க்க நாலு வருடம் கல்லூரியே கொடுத்தது. தோட்டத்து லைனில் அந்த அவகாசம் எங்கே இருக்கிறது? பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டி ஏற வேண்டும். இவளுக்கு வீட்டில் எட்டாவது படிக்கும்போதே நர்சிங் என்று முடிவு செய்துவிட்டார்கள். கணக்கும் வணிகவியலும் பிடித்தவள் உயிரியல் குரூப்பில் உட்கார்ந்திருந்தாள். அதனால் ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் அவளுக்கு ஒரு விடுமுறை போல ஆகியிருக்கிறது. யாருக்கும் தன்னைத் தெரியாத ஓர் இடம். கேள்வி கேட்டார்கள், புதிதாக ஒரு பதிலைப் போட்டுப் பார்த்தாள். பொருந்தியது. அப்புறம் கழற்ற முடியவில்லை.

வெட்கம் இல்லையா என்றால் இருந்தது. ஜூன் மாதம் ஹாஸ்டலில் ‘தேத்தண்ணி’ என்று வாய் தவறிச் சொன்னதும் ஒருத்தி சிரித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தே வெளியே விட்டாள். தேத்தண்ணி டீ ஆனது. லயம் என்று அம்மாயி சொல்வதும் லைன் என்று அம்மா சொல்வதும் இவள் வாயில் குவார்ட்டர்ஸ் ஆனது. சம்பல் சட்னி ஆனது. நாள் முழுக்க இப்படி மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பதன் களைப்பைத்தான் நான் முதலில் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைப்பது இந்த வயதின் இயல்பு, மனசுக்குள் ஒரு கற்பனைக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் எழுதினார். இவளும் “எல்லாரும் பாக்குறாங்க மிஸ்” என்றாள். ஆனால் எண்பது பெண்கள் ஒரே குழாயடியில் பல் துலக்கும் ஹாஸ்டலில் அந்தக் கூட்டம் கற்பனை இல்லை. உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது சந்திப்பில் நான் செய்த தவறு

தாளில் அத்தனை ‘இல்லை’ பார்த்ததும் ஒரு ‘ஆமாம்’ கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அந்த வாரம் முழுக்கப் படித்துத் தயாராகப் போனேன்.

அவளுக்கு வரலாறு சொன்னேன். இலங்கை மலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனதைச் சொன்னேன். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்ததையும் சொன்னேன். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் தமிழ்நாடு அரசு இங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் பின்னால் டான்டீ ஆனது. “இந்த மலையில் பாதித் தேயிலை உங்க ஆளுங்க கையால வந்தது, இதுல வெட்கப்பட என்ன இருக்கு, பெருமைப்படணும்” என்று முடித்தேன். ‘பாதி’ என்று ஒரு வேகத்தில் சொன்னதுதான், எந்தக் கணக்கும் பார்க்கவில்லை.

அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: “அது அம்மாயி கதை மிஸ். நான் கப்பல்ல வரல.”

அடுத்த வாரம் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கே தப்பு என்று பிடிபட எனக்குச் சில நாள் ஆனது. அவள் குன்னூர்க்காரி என்று ஒரு சட்டையைப் போட்டிருந்தாள். நான் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, சிலோன் தமிழர் வாரிசு என்று இன்னொரு சட்டையை நீட்டினேன். அதுவும் தைத்து வைத்த சட்டைதான், அவள் அளவெடுத்தது இல்லை. அம்மா நர்சிங் என்று கதவைச் சாத்தினார், நான் பெருமை என்று சாத்தினேன். தன் இனத்தைப் பற்றிய உணர்வு பிள்ளைகளிடம் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த ஜீன் பின்னி, முதலில் யோசிக்காத நிலை, அப்புறம் தேடும் நிலை, அதற்கும் அப்புறம்தான் ‘இது என்னுடையது’ என்ற தெளிவு என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். நடுவில் இருக்கும் தேடலை நான் அவளுக்காகத் தேடிக் கொடுத்துவிட்டேன். படித்ததெல்லாம் தெரிந்திருந்தும் இப்படி நடக்கிறது. அழுகிற பிள்ளையைப் பார்த்தால் கையில் எதையாவது கொடுத்துவிடத் தோன்றும் அல்லவா, அந்தப் பழக்கம்தான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்கத் தவறினேன். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல அவள் வீட்டிலேயே தெம்பு இல்லை. அம்மா வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு அவர்களுடையது. 2022-இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தரப்போவதாகச் செய்தி வந்ததிலிருந்து லைனில் எல்லோர் பேச்சும் அதுதான். எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லிவிடலாம், அந்த ஊரில் இன்னும் எத்தனை வருஷம் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

நான்கு வட்டங்கள்

திரும்பி வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். “போன தடவை நான் ரொம்பப் பேசிட்டேன், இன்னைக்கு நீ வரை” என்று சார்ட் தாளைக் கொடுத்தேன். சூசன் ஹார்ட்டர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் பயன்படுத்திய முறையைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது, ஒன்றோடொன்று முட்டுவதைக் கோடு போட்டு இணை.

நான்கு வட்டம் போட்டாள். வீடு, லைன், ஹாஸ்டல், வகுப்பு. லைன் வட்டத்தில் ‘வாயாடி’, ‘மரம் ஏறுவேன்’, ‘பசங்களை அடிப்பேன்’. வகுப்பில் ‘அமைதி’, ‘ஊமை’. ஹாஸ்டலில் ‘ஸ்டைல்’, ‘எல்லாருக்கும் மெஹந்தி போடுவேன்’. வீட்டில் ‘கோவக்காரி’ என்று எழுதி, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘அம்மாயிகிட்ட மட்டும் இல்ல’ என்று சேர்த்தாள். அப்புறம் கோடு போடத் தொடங்கினாள். பத்துப் பன்னிரண்டு கோடு ஆனதும் தாள் சிலந்திவலை மாதிரி ஆகிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: “இதுல எது மிஸ் நிஜம்?”

ஹார்ட்டரின் ஆய்வுகளில் இந்தக் கேள்வி அதிகம் உறுத்துவது 14, 15 வயதுப் பிள்ளைகளைத்தான். சின்னப் பிள்ளைக்கு இந்த முரண் கண்ணிலேயே படாது. வீட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, அதற்கென்ன என்று போய்விடும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தவர்கள் ‘ஆளுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறோம், யார்தான் இல்லை’ என்று அதை ஒரு மாதிரி அடுக்கிக்கொள்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முரண் தெரிகிறது, அடுக்கத் தெரிவதில்லை. அதனால் ஒன்று நிஜம் என்றால் மற்றது வேஷம் என்று ஆகிவிடுகிறது.

அவளிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை, பட்டது போதும் என்று இருந்தேன். “உன் ஃப்ரெண்டுக்கு எத்தனை வட்டம் இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். “அவளுக்கு ஒண்ணுதான் மிஸ்” என்று உடனே பதில் வந்தது.

தோழி கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியைச் சேர்ந்த படுகர் வீட்டுப் பெண். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இவளை வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். தெருவில் போகிற கிழவிகள் எல்லாம் தோழியை நிறுத்தி ஏதோ விசாரித்திருக்கிறார்கள், அவளும் ஒவ்வொரு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். எத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போவது, ஹட்டியே சேர்ந்து ஆடுவது என்று கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். இவள் என்னிடம் அதை விவரித்தபோது பொறாமைப்பட்டது வீட்டைப் பார்த்தோ காரைப் பார்த்தோ இல்லை. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிவதைப் பார்த்து.

(அந்தத் தோழியையும் பின்னால் இரண்டு முறை பார்த்தேன். அவளுக்கும் வட்டம் ஒன்று இல்லை. ஆனால் அது வேறு கதை, இங்கே எழுத அவள் சம்மதிக்கவில்லை.)

டிசம்பர் விடுமுறை

நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து பாதி நாள், அப்புறம் முழு நாள் என்று வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். ஆனால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை. அம்மாயியிடம் மன்னிப்புக் கேள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வார்டன் சொன்னார், வகுப்பாசிரியை சொன்னார், அம்மா போனில் சொன்னார். மூன்று பேர் சொல்லும் இடத்தில் நான்காவது ஆளாக நிற்க விருப்பமில்லை.

அரையாண்டு முடிந்து விடுமுறைக்குப் போனாள். ஜனவரியில் திரும்பி வந்து சொன்னதை அவள் வார்த்தையிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் அம்மாயி எதுவுமே நடக்காத மாதிரி இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி அடுப்பங்கரையில் இவளே கேட்டிருக்கிறாள்: “அன்னைக்கு ஏன் அம்மாயி ஆமான்னு சொன்னீங்க?”

அம்மாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொன்னாராம்: “நானும் சொன்னவதான சாமி.”

1974-இல், 14 வயசில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர் அவர். பஜாருக்குப் போனால் கடைக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்பார்களாம். சிலோன் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். அதனால் துறையூர் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர் என்று காதில் விழுந்ததுதான் ஆதாரம். “ஒரு வருசம் துறையூர்க்காரியா இருந்தேன். துறையூரை இன்னைக்கு வரைக்கும் கண்ணால பார்த்ததில்ல. அங்க இருந்தப்ப எங்களை இந்தியாக்காரன்னான், இங்க வந்தா சிலோன்காரின்னான். நான் என்னதான் சொல்றது?” அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அங்கிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டையையும் அதோடு மடித்து வைத்திருந்த ஒரு புகைப்படத்தையும் காட்டியிருக்கிறார். படத்தில் ஓரத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தன் மூக்கு என்று இவள் சொன்னாள்.

“அழுதியா?” என்று கேட்டேன். “இல்ல மிஸ், ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். துறையூர்ல என்ன ஃபேமஸ்னு யாராச்சும் கேட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். கோயில்னு சொல்லிடுவேன், எந்த ஊர்லதான் கோயில் இல்லன்னாங்க.”

மூன்றாவது சந்திப்பில் நான் சொன்ன அதே வரலாறுதான் இது. தேதியும் தொகையும் இல்லாமல், ரொட்டிச் சட்டிக்குப் பக்கத்தில், பொய் சொன்ன ஒரு 14 வயசுப் பெண்ணின் கதையாக வந்தபோது அவள் அதை வாங்கிக்கொண்டாள். வளரிளம் பருவத்தின் பிற்பகுதியில்தான் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை ஒரு கதையாகக் கோக்கத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் டான் மக்காடம்ஸ் சொல்கிறார். கோக்க ஒரு நூல் நுனி வேண்டும். இவளுக்கு அது அம்மாயியின் பெருமையில் கிடைக்கவில்லை, அம்மாயியின் பொய்யில் கிடைத்தது.

அன்றுதான் அவளிடம் எரிக்சனைப் பற்றிப் பேசினேன். 1902-இல் பிராங்பர்ட்டில் பிறந்தவர், பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாதவர். வளர்த்த தகப்பன் பெயரில் ஹோம்பர்கர் ஆனார். யூதக் கோயிலில் இவன் நம்மவன் மாதிரி இல்லையே என்று கேலி செய்தார்கள், பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோது, 1939-இல், எரிக்சன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். “அப்போ அவரும் புளுகுனாரா மிஸ்?” என்று கேட்டாள். சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

பிப்ரவரிவரை

மொத்தம் 9 சந்திப்பு, 2024 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டோம். வயிற்றுவலி டிசம்பருக்கு அப்புறம் இரண்டு முறைதான் வந்தது, இரண்டும் தேர்வு நாள். தோழியோடு பேச்சு திரும்பியது. ஆனால் பழைய நெருக்கம் இல்லை, ஹாஸ்டலில் கட்டில் மாறிவிட்டது. குரூப் மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டதால் உயிரியலிலேயே தொடர்ந்தாள். நர்சிங் பற்றி அம்மாவிடம் பேச நான் முயன்றேன். “படிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும் மிஸ், அப்புறம் அவ இஷ்டம்” என்றார். வீடு போய்விடும் என்ற பயத்தில் இருப்பவரிடம் மகளுக்கு அவகாசம் கொடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நான் மேற்கொண்டு பேசவில்லை.

இதில் எது அவளைத் தூக்கிவிட்டது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வட்டம் வரைந்ததா, அம்மாயியா, வெறுமே நாலு மாதம் கழிந்ததா? அம்மாயிக்குப் பாதிக்குமேல் கொடுப்பேன்.

கடைசி நாள் மறுபடி ‘நான் யார்?’ தாளைக் கொடுத்தேன். இந்த முறை மெதுவாக எழுதினாள், 14 வரியோடு நிறுத்திக்கொண்டாள். ‘இல்லை’ மூன்று இடத்தில்தான். சில வரிகள்: ‘நான் கணக்குல கெட்டி. நான் வீட்ல தேத்தண்ணின்னு சொல்வேன், ஹாஸ்டல்ல டீன்னு சொல்வேன். நான் நர்ஸ் ஆகணுமான்னு தெரியாதவ. நான் அம்மாயியை வேலைக்காரின்னு சொன்னவ.’ கடைசி வரியை எழுதிவிட்டு அடிக்கப் போனாள். பேனா தாள்மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்டால் இப்போது என்ன சொல்கிறாய் என்று விசாரித்தேன். “ஆளைப் பாத்து மிஸ். சில பேர்கிட்ட பந்தலூர்னு சொல்வேன். சில பேர்கிட்ட எஸ்டேட் பேரே சொல்வேன். ரொம்ப நோண்டினா, நீங்க எந்த ஊருன்னு திருப்பிக் கேட்டுருவேன்.”

பள்ளிக்குக் கொடுத்த குறிப்பு

பள்ளி நிர்வாகத்துக்கு இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, படிவம் நிரப்பும்போது பெற்றோர் தொழிலையும் சொந்த ஊரையும் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டாம், தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அப்படிக் கேட்டபோதுதான் இவள் முதல் முறை ‘குன்னூர், டீ ஃபேக்டரி ஆபீசர்’ என்று சொன்னாள். ஐம்பது பேர் முன்னால் எழுந்து நின்று, ஒரு நொடிக்குள் சொல்ல வேண்டிய பதில் அது. இரண்டாவது, தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோருக்காகக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், முடியாவிட்டால் போனில் பேசுங்கள்.

முதலாவதை 2024 ஜூனிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வகுப்பாசிரியையே முன்னின்று செய்தார். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. பிளஸ் டூவில் நடந்த இரண்டு கூட்டத்துக்கும் அம்மாயிதான் வந்தார், இரண்டு முறையும் முதல் நாளே கூடலூரில் தங்கி.